பக்கத்து வீட்டு மோட்டார்

அவரைத் திருப்புளி என்றுதான் தெருவில் சொல்வார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், காது நன்றாகக் கேட்ட காலத்திலேயே அவர் திரும்பிப் பார்த்ததில்லை. தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பது தொழில். மற்ற மெக்கானிக்குகள் வந்ததும் வராததுமாக மோட்டாரைப் பிரித்துப் போடுவார்கள். இவர் பிரிக்க மாட்டார். நீளமான திருப்புளி ஒன்றை எடுத்து, இரும்பு நுனியை ஓடுகிற மோட்டாரின் வயிற்றில் ஊன்றி, மரப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கிற எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பாரே, அந்த மாதிரி. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, இன்ன இடத்தில் பேரிங் போய்விட்டது, இன்ன இடத்தில் காற்று இழுக்கிறது என்று சொல்வார். பிரித்துப் பார்த்தால் அப்படியே இருக்கும். அதனால் வந்த பெயர்தான் அது.

அந்தக் காதுதான் போயிற்று. ஒரே நாளில் போகவில்லை. முதலில் இடது காது, பிறகு வலது. பட்டறை இரைச்சலால் என்று ஒருவர் சொன்னார், பழைய காய்ச்சலின் மிச்சம் என்று இன்னொருவர் சொன்னார். அவருடைய தகப்பனாரின் தம்பிக்கும் கடைசிக் காலத்தில் காது மந்தம், அந்தச் சித்தப்பாவின் மகளுக்கும் அப்படியே, ஆகவே வம்சத்திலேயே இருக்கிறது என்று அவருடைய அக்கா முடிவு கட்டினாள். காரணம் எதுவானால் என்ன, ஐம்பது வயதுக்குள் மனிதர் சுத்தமாகச் செவிடாகிவிட்டார். காதில் மாட்டுகிற மிஷின்கள் எதுவும் எடுபடவில்லை. பட்டறைக்குப் போவார், மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்து அதிர்வைத் தடவிப் பார்ப்பார், பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் சொல்வார். தப்பாகச் சொன்ன நாட்களில் வீட்டுக்கு வந்து பேசவே மாட்டார். பிறகு சரியாகச் சொன்ன நாட்களிலும் பேசாமல் போனார்.

அப்போதுதான் அந்த ஆபரேஷன் வந்தது. வலது காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து, உள்ளே நத்தை ஓடு மாதிரி இருக்கிற இடத்தில் மெல்லிய கம்பி ஒன்றைச் செருகி, தலைத்தோலுக்கு அடியில் ஒரு காந்தத்தையும் வைத்துத் தைத்துவிட்டார்கள். வெளியே காதுமடலின் மேல் ஒரு சின்ன மிஷின், அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் முனையில் காசளவுக்கு ஒரு வட்டம். அந்த வட்டம் காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியிருந்தால் சத்தம் உண்டு, கழன்றால் இல்லை.

முதன்முதலாக அதை முடுக்கிய அன்று அவர் மனைவி குனிந்து, "என்னங்க, கேக்குதா?" என்று கேட்டாள். அவருக்குக் கேட்டது, தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டு யாரோ குலுக்குகிற சத்தம். யார் டப்பாவைக் குலுக்குவது என்று அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

பயிற்சி கொடுக்கிற டீச்சர் சிரித்துவிட்டுச் சொன்னாள்: ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம், மிஷின் கொடுப்பது வெறும் துடிப்பு, அது என்ன சத்தம் என்று மூளைதான் கற்றுக்கொள்ள வேண்டும். எது காதில் விழுந்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் அது என்னவென்று கேளுங்கள், பெயர் தெரிந்தபின் இன்னொரு முறை கேளுங்கள், அந்தச் சத்தம் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். இதுதான் அவள் கொடுத்த வேலை.

பக்கத்தில் இருப்பவர் என்றால் வேறு யார், மனைவிதான். அவள் ஒரு சலவைக் கடையில் அரை நாள் இஸ்திரி போடப் போவாள். மீதி நாள் முழுக்க அந்த வீட்டில் ஒரே பேச்சுத்தான். "என்ன சத்தம்?" என்று அவர் கேட்பார். "கெட்டில்ல தண்ணி கொதிக்குது" என்பாள் அவள். கதவின் கீல் என்பாள், ஜன்னல் விளிம்பில் புறா என்பாள், குளிர்பெட்டி என்பாள், உங்கள் செருப்பு என்பாள். தாளை மடிக்கும்போதுகூடச் சத்தம் வருகிறது என்பதை அவர் மறந்தே போயிருந்தார். ஒரு பழைய பேப்பரை மடித்து மடித்துப் பிரித்து ஒரு சாயங்காலம் முழுவதும் உட்கார்ந்திருந்தார். மனைவியின் தங்கை, வாயாடி, அவ்வப்போது வந்து போவாள். அவள், "அத்தான், இனிமே கரண்டி காணோம்னா உங்க தலையிலதான் தேடணும்" என்று ஒரு கரண்டியைக் கொண்டு வந்து காந்தம் இருக்கிற இடத்தில் ஒட்டவைத்துப் பார்த்தாள். ஒட்டிக்கொண்டது. அவரும் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் திரும்பி வந்தது அன்றைக்குத்தான், அதற்கும் அவர் என்ன சத்தம் என்று கேட்டார்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரிய இரண்டு காது வேண்டும். அவருக்கு இருப்பது ஒன்று. ஆகவே அடுப்பங்கரைச் சத்தமும் தெருச் சத்தமும் மாடிச் சத்தமும் எல்லாம் வலது காதோரத்தில்தான் வந்து நிற்கும். எங்கே என்று கேட்டால் அதையும் மனைவிதான் சொல்ல வேண்டும். அவள் எங்கே என்று சொன்னாளோ அங்கேதான் அந்தச் சத்தம்.

ராத்திரி மிஷினைக் கழற்றி ஒரு டப்பாவில் வைத்துவிட்டுப் படுப்பார். காலையில் எழுந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மாட்டிக்கொள்வார். அவள் அதற்கு முன்பே எழுந்து பின்கட்டில் குளியலறையில் இருப்பாள். குழாய்த் தண்ணீர் தகர வாளியில் விழுகிற சத்தம் அவருக்கு நன்றாகப் பழகிவிட்டிருந்தது. அப்படி ஒரு காலையில் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் வேறொன்று கேட்டது. கரகரவென்று தொடங்கி, அடைத்து, நின்று, மறுபடி கரகரத்து, இழுத்து இழுத்து ஓய்ந்தது.

அவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். அவர், "அது என்ன சத்தம்?" என்றார்.

"எது?"

"கரகரன்னு. நின்னு நின்னு வந்துச்சே."

அவள் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. "பக்கத்து வீட்டு மோட்டார்" என்றாள்.

அது மோட்டார் இல்லை. அது அவள்தான். சில மாதங்களாகவே அவளுக்கு இருமல். அவருக்குக் காது கேட்காத காலத்தில் அதை மறைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, முதுகைத் திருப்பிக்கொண்டால் போதும். இப்போது கேட்டுவிட்டது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது, வாயில் வந்த பொய். ஆனால் வந்த பொய்யை அவள் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. அவள் பிறந்த வீட்டில் இருமல் என்றால் சும்மா இல்லை. அவளுடைய அப்பா இருமித்தான் போனார். அப்பாவின் தங்கை, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன அத்தை, அவளும் அப்படியே போனாள். பிறகு மூத்த அண்ணன், இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பன், நல்ல உடற்கட்டு. மூன்று பேருமே கடைசியில்தான் டாக்டரிடம் போனார்கள், போன கொஞ்ச நாளில் முடிந்துபோனார்கள். அவள் மனதில் அது வேறு விதமாகப் பதிந்துவிட்டது. டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் நடமாடிக்கொண்டிருந்தார்கள், பார்த்த பிறகு எழுந்திருக்கவில்லை என்று. ஆகவே இவருடைய காது ஒரு நிலைக்கு வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினாள்.

மற்றவர்கள் இருமுவதை அவர் கேட்டதில்லையா என்றால், கேட்டிருக்கிறார். ஆனால் எதிரில் ஒருவர் கையை வாயில் வைத்து இருமினால் அதைக் கண்ணும் சேர்ந்து பார்த்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம், வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்குள் புதைந்து வருவதை எதனோடு சேர்ப்பது? அந்த நாட்களில் அவர் காதுக்குக் கதவும் இருமியது, காகமும் இருமியது. அவர் எதிரில் அவள் தொண்டையைக் கனைப்பதோடு நிறுத்திக்கொள்வாள். பயிற்சிக்காக வார்த்தைகளைச் சொல்லும்போது உதட்டைப் பார்த்து அவர் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று துணியால் வாயை மூடிக்கொண்டு சொல்லச் சொல்லியிருந்தாள் டீச்சர். அந்தத் துணி அவளுக்கு வசதியாகப் போயிற்று.

அவள் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. மோட்டார் என்று சொன்னாளே, அதை யாரிடம் சொன்னாள்?

மறுநாள் காலையில் அவர் தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு, "அந்த மோட்டார் காத்து இழுக்குது" என்றார். அவள் திரும்பிப் பார்த்தாள். காது போனதிலிருந்து அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. பட்டறையில் நாலு பேர் சுற்றி நிற்கும்போது பேசுவாரே, அந்தக் குரல். தண்ணீர் எடுக்கிற குழாயின் அடியில் ஒரு வால்வு இருக்கும், அது சரியாக மூடவில்லை, அதனால்தான் எடுத்த எடுப்பில் அடைத்து அடைத்து வருகிறது என்று விளக்கினார். சின்னக் கோளாறுதான் என்றார்.

சின்னக் கோளாறு என்றதும் அவளுக்கு ஒரு நிம்மதி. பைத்தியக்கார நிம்மதி என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் அன்று சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கும்போது கை லேசாக இருந்தது.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. காலையில் எழுந்து மிஷினை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்பார். மற்றச் சத்தங்களைப் பெயரோடு தெரிந்துகொண்டார், இந்தச் சத்தத்தை மட்டும் நாடி பிடித்துப் பார்த்தார். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று சொன்னார். அப்படிச் சொல்லச் சொல்ல அவருக்குத் தைரியம் வந்தது. பட்டறைக்குப் போய், ஓடுகிற மோட்டாரின் எதிரில் நின்று காதைக் கொடுத்தார். திருப்புளி இனி உதவாது. எலும்பு வழியாக வருவது எதுவும் இந்த மிஷினுக்குத் தெரியாது. ஒரு தடவை பழக்கதோஷத்தில் குனிந்தபோது தலையிலிருந்த வட்டம் கழன்று மோட்டாரில் போய் ஒட்டிக்கொண்டது. பட்டறைப் பையன்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆனாலும் அவர் சொன்னது சரியாக இருக்கத் தொடங்கியது. பயிற்சி டீச்சர்கூட ஆச்சரியப்பட்டாள், இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு நுணுக்கமாக யாரும் கேட்டதில்லை என்றாள். வீட்டுப் பக்கத்தில் ஒரு மோட்டார் இருக்கிறது, அதில்தான் பழகினேன் என்று அவர் சொன்னார். மனைவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

இனி எப்படி அவள் உண்மையைச் சொல்வாள்? சொன்னால் அவருக்குத் திரும்பி வந்த காதைப் பிடுங்கிக்கொள்வது மாதிரி.

குளிர்காலம் வந்ததும் அவருடைய பேச்சு மாறியது. வால்வு மட்டுமில்லை, ஷாஃப்டும் தேய்ந்திருக்கிறது என்றார். பேரிங் ஆடுகிறது, அதனால்தான் முடிகிறபோது அந்த விசில் மாதிரி ஒரு இழுப்பு என்றார். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பாள். கேட்பது மட்டுமில்லை, இப்போதெல்லாம் அவளே விசாரிக்கவும் தொடங்கியிருந்தாள். இன்றைக்கு எப்படி இருந்தது என்பாள். நேற்றைவிட மோசமா என்பாள். பொழுதுபோகாமல் கேட்கிறாள் என்று அவர் நினைத்தார். நல்ல மனைவி, தொழிலில் அக்கறை காட்டுகிறாள் என்று சந்தோஷப்பட்டார்.

தங்கை ஒருமுறை வந்திருந்தபோது பின்கட்டில் அக்காவைப் பார்த்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றதையும், வாளித் தண்ணீரில் சிவப்பாக ஒரு நூல் போனதையும் பார்த்தாள். சமையலறைக்கு வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணனுக்கு வந்த மாதிரியேதானே இருக்கு. அத்தான்கிட்ட சொல்லிடுக்கா" என்றாள். சொன்னால் இந்த வீட்டுப் படி ஏறாதே என்று அக்கா சொல்லிவிட்டாள். தங்கை அழுதுகொண்டே போனாள். தெருவில் அவளைப் பார்த்த அவர், இன்றைக்கு என்ன, கரண்டி எதுவும் ஒட்டவில்லையே என்று கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். லாரி ஒன்று போன இரைச்சலில் அவருக்கு அது விழவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

சில நாள் கழித்து ஒரு காலையில் அவர் தேநீரை வாங்கிக் கீழே வைத்தார்.

"அதுல மண்ணு கலந்து வருது" என்றார் பிறகு. "உள்ள உரசுது. இனிமே ரொம்ப நாள் தாங்காது."

அவள் கெட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். "தாங்காதுன்னா?"

"ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு நாள் அப்படியே நின்னுடும்."

"சரி பண்ண முடியாதா?"

"ஆரம்பத்துலயே பிரிச்சுப் பார்த்திருந்தா பண்ணியிருக்கலாம். இப்ப பிரிச்சா என்னென்ன போயிருக்கோ." அவர் மறுபடி தேநீரை எடுத்தார். "நல்ல மோட்டாராத்தான் இருந்திருக்கும். இப்படி விட்டுட்டாங்களே. ஒரு மனுஷனுக்கு இரக்கம் வேணாமா."

கெட்டிலை எங்கே வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

அந்தப் பக்கத்து வீட்டில் ஒரு கிழவர் தனியாக இருந்தார். கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய மீசை, பெரிய குரல். அந்த மீசையினால் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்க முடியாது. அதனால் காது போன நாள் முதல் இவர் அவரோடு கையசைப்போடு நிறுத்திக்கொண்டிருந்தார். இப்போது கிழவரின் மோட்டார் மேல் இவருக்கு ஒரு பாசமே வந்துவிட்டது. எனக்குக் காதைப் பழக்கிக் கொடுத்த மோட்டார், நானே போய்ச் சரிசெய்து கொடுத்துவிட்டு வருகிறேன் என்றார். மனைவி வேண்டாம் என்றாள். கிழவருக்கு முன்கோபம் என்றாள், யாரையும் உள்ளே விட மாட்டார் என்றாள், இன்னொரு நாள் பார்க்கலாம் என்றாள். ஏன் இப்படித் தடுக்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. அவள் சலவைக் கடைக்குப் போன பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கிழவர் கதவைத் திறந்தார். மோட்டாரைப் பார்க்க வந்தேன் என்று இவர் சொன்னார். கிழவர் ஏதோ சொன்னார், புரியவில்லை. மறுபடி சொன்னார். பிறகு இவர் கையைப் பிடித்துக் கொல்லைப்புறத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு கொட்டகையில், உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் மோட்டார் கிடந்தது. ஒயர் அறுந்திருந்தது. உள்ளே பூனை ஒன்று குட்டி போட்டிருந்தது. குழாய்த் தண்ணீர் வந்ததிலிருந்து அது ஓடவே இல்லை என்பதைச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை, அதன் மேல் இருந்த துருவே சொன்னது.

திருப்புளி அந்தத் துருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். காலையில் கேட்கிறதே, கரகரவென்று, அது எது என்று கேட்டார்.

கிழவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மெதுவாகப் பேசினார், இரண்டு தரம் பேசினார். இரைச்சலாக ஏதோ விழுந்ததே தவிர வார்த்தையாக ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் கிழவர் பேசுவதை நிறுத்திவிட்டு, இவருடைய வீட்டுப் பின்சுவரைக் கையால் காட்டினார். பிறகு முஷ்டியைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு குனிந்து, இருமிக் காட்டினார்.

கரகரத்து, அடைத்து, நின்று, மறுபடி கரகரத்து. முடிவில் அந்த இழுப்புக்கூட அப்படியே இருந்தது. தினமும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டவர் அல்லவா, பிசகாமல் செய்து காட்டினார்.

"உங்க வீட்டம்மா" என்றார். அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்து பையைச் சுவரோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தார். தான் சொன்னவை எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. காற்று இழுக்கிறது. பேரிங் ஆடுகிறது. மண் கலந்து வருகிறது. ஒரு நாள் அப்படியே நின்றுவிடும். ஒவ்வொன்றையும் எந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார், அவள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதுகூட நினைவுக்கு வந்தது. கெட்டில் கொதித்தது. அவரே வைத்த கெட்டில்தான், அணைக்க எழுந்திருக்கவில்லை.

அவள் வந்தாள். திறக்காத பையைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

"போனீங்களா?"

"போனேன்."

அவள் அவருக்கு வலப்பக்கத்தில், காது இருக்கிற பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பழக்கம். ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டார். முதல் நாள் வாயில் வந்துவிட்டது என்றாள். "அப்புறம் நீங்க அதை வச்சுப் பேச ஆரம்பிச்சீங்க. எத்தனை வருஷமாச்சு நீங்க அப்படிப் பேசி. நானா நிறுத்துவேன்?"

"நான் என்னென்ன சொன்னேன் உன்கிட்ட" என்றார் அவர்.

"எல்லாம் சரியாத்தான் சொன்னீங்க" என்றாள். "ஒண்ணுகூடத் தப்பில்ல. எனக்குள்ள எப்படி இருந்துச்சோ அப்படியே சொன்னீங்க. அதனாலதான் டாக்டர்கிட்ட போகல. போயி வேற என்ன கேக்கணும்?"

அவருக்குக் கோபம் வந்தது. எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் அவளுக்கு அப்போது இருமல் வந்துவிட்டது. இந்த முறை அவள் முகத்தைத் திருப்பவில்லை, துணியை எடுக்கவில்லை. முதல் தடவையாக அவர் அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்தபோது கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனார்கள். தங்கையும் வந்தாள். நெஞ்சைப் படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, ஏன் இவ்வளவு நாள் விட்டீர்கள் என்றார். தொற்றிக்கொள்கிற நோய், அவருக்கும் பார்த்தார்கள், அவருக்கு இல்லை. அவளுக்கு வலப்பக்கத்து நுரையீரலில் பாதி போனது போனதுதான், மிச்சத்தை மருந்து காப்பாற்றும் என்று நம்பலாம், இங்கேயே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். தங்கை அத்தானின் வலப்பக்கம் நின்று, ஒவ்வொரு வாக்கியத்தையும் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள்.

வார்டுக்குள் அவரை விடவில்லை. தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. உள்ளே இருபது கட்டில், அத்தனை பேரும் இருமுகிறவர்கள். அத்தனையும் அவருடைய ஒற்றைக் காதோரத்தில் வந்து குவிந்தன. முதல் வாரம் ஒன்றும் பிரியவில்லை. பிறகு பிரிந்தது. அந்தக் குவியலுக்குள்ளிருந்து அவளுடையது மட்டும் தனியாக வந்தது. அதைக் கேட்டுவிட்டுத்தான் பட்டறைக்குப் போவார். வெளியே வருகிற நர்ஸ், அவள் எப்படி இருக்கிறாள் என்று சொல்ல வாயைத் திறந்தால், இவர் தெரியும் என்று கையைக் காட்டிவிடுவார்.

வீட்டில் பெயர் சொல்ல யாரும் இல்லை. ஏதாவது சத்தம் கேட்டால் அவரே எழுந்து அறை அறையாகப் போய்த் தேடுவார். தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, எங்கே பெரிதாகிறது, எங்கே சிறிதாகிறது என்று பார்த்துப் போவார். ஒன்றும் இருக்காது. குளிர்பெட்டியாக இருக்கும், புறாவாக இருக்கும். தெரிந்த சத்தம்தான். ஆனாலும் போய்ப் பார்க்காமல் நம்பமாட்டார்.

மருந்து பிடித்தது. கோடைக்கு முன்னால் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். இளைத்து, தோள் ஒரு பக்கம் சரிந்து, ஆனால் இருமாமல் வந்தாள். டாக்டர் அவரைத் தனியாக அழைத்து ஒரு தாளில் எழுதிக் காட்டிப் பேசினார். இது திரும்ப வரலாம். வந்தால் இரண்டாம் முறை மருந்து சுலபமாகக் கேட்காது. சத்தம் கேட்ட அன்றைக்கே அழைத்து வாருங்கள், ஒரு நாளும் தள்ளாதீர்கள் என்றார்.

அதே வாரத்தில் அவருடைய மிஷினைச் சரிபார்க்கிற நாளும் வந்தது. பயிற்சி டீச்சர் உற்சாகமாக இருந்தாள். புதிதாக ஒன்று வந்திருக்கிறது, மிஷின் தானாகவே சுற்றுப்புறத்தைத் தெரிந்துகொள்ளும், தெரு இரைச்சலையும் குழாய் இரைச்சலையும் அடக்கிவிட்டுப் பேச்சை மட்டும் முன்னால் கொண்டுவரும், பட்டறையில் உங்களுக்குத் தலைவலியே இருக்காது என்றாள். போட்டும் காட்டினாள். அவர் மூச்சு விட்டார். உலகத்துக்கு யாரோ போர்வை போர்த்திவிட்ட மாதிரி இருந்தது. டீச்சரின் குரல் மட்டும் பக்கத்தில் சுத்தமாக நின்றது. மனைவி பேசினாள், அவளுடைய குரல் தகரமாக இல்லாமல் குரலாகவே இருந்தது. அதற்காகத்தான் அவர் அத்தனை மாதம் பாடுபட்டார்.

"சுவருக்கு அந்தப் பக்கம், குழாய் திறந்திருக்கும்போது வர்ற சத்தம் கேக்குமா?" என்று கேட்டார்.

டீச்சர் யோசித்தாள். அதெல்லாம் இரைச்சலோடு போய்விடும் என்றாள்.

"அப்ப பழைய மாதிரியே வச்சிடும்மா."

டீச்சர் எவ்வளவோ எடுத்துச் சொன்னாள். மனைவி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழையபடி மாற்றியதும் எல்லாம் ஒருசேர அவர் மேல் வந்து விழுந்தன. மின்விசிறி, வராந்தாவில் செருப்புகள், யாரோ நாற்காலி இழுத்தது, தெருவில் வண்டிகள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுந்தார்.

அதன்பிறகு காலையில் கட்டிலோரத்தில் அவர் உட்காரும் விதமே வேறு. மிஷினை மாட்டிக்கொண்டு மூச்சுக்கூட அடக்கி உட்காருவார். அவளும் குழாயைச் சிறிதாகத்தான் திறப்பாள். தண்ணீர் வாளியில் விழும், நிற்கும். அவள் வருவாள். ஒன்றும் இல்லை. இருவரும் தேநீர் குடிப்பார்கள். அன்றைக்கு அவ்வளவுதான், இனி மறுநாள் காலைதான். இப்படியே கோடை போயிற்று, மழையும் வந்து நின்றது.

ஒரு காலையில், தண்ணீருக்கு நடுவில், ஒன்று கேட்டது. ஒன்றே ஒன்று. சின்னது.

அவர் அசையவில்லை. குளியலறையில் குழாய் மூடப்பட்டது. அவள் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. வரவில்லை. அவளும் காத்திருக்கிறாள். வீட்டில் வேறு சத்தமே இல்லை, குளிர்பெட்டிகூட அப்போது ஓய்ந்திருந்தது. வெறும் தண்ணீர் தொண்டையில் இறங்கியதாக இருக்கலாம். தூசியாக இருக்கலாம். ஒன்றோடு நின்றால் ஒன்றுமில்லை.

இரண்டாவதும் வந்தது, அதன் பின்னாலேயே மூன்றாவதும்.

அவள் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். அவர் என்ன சத்தம் என்று கேட்கவில்லை. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, அவளுடைய செருப்பைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தார்.